பட்டன் போனும் பத்து எண்களும்: வீட்டுப் பெரியவர்களுக்குக் கீபேட் பழக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் அடைத்தால் சீக்கிரம் திறக்காது என்பது தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் பஸ்ஸில் போய்வரும் எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில்தான் என் செல்போன் ரிப்பேர் கடைக்கு ஆள் வருவார்கள். போன சம்பா அறுப்பின்போது அப்படி ஒரு பெரியவர் வந்தார். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய டச் போன். ஒரு கீறல்கூட இல்லை. “தம்பி, இது என் விரலுக்குக் கட்டுப்பட மாட்டேங்குது. ஒண்ணை அமுக்கினா இன்னொண்ணு போவுது. பழையபடி பட்டன் போனே ஒண்ணு குடுங்க” என்றார்.

அவர் கையைப் பார்த்தேன். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய விரல்கள். டச் போனின் கண்ணாடி, தோலில் உள்ள மின்சாரத் தன்மையை வைத்துத்தான் விரல் எங்கே படுகிறது என்று கண்டுபிடிக்கிறது. தோல் தடித்துக் காய்ந்திருந்தால் அதற்குச் சரியாகத் தெரியாது. ஈரமோ சேறோ இருந்தால் எங்கெங்கோ தொட்டதாக எடுத்துக்கொள்ளும். நடவும் அறுப்புமாகவே வாழ்ந்த ஒருவரின் விரலுக்கு அது ஒத்துவராமல் போவதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் அவரிடம் “உங்களுக்கு வயசாயிடுச்சுப்பா” என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

கீபேடு என்பது கண் பார்க்காமலே விரல் பழகிக்கொள்ளும் பொருள். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் எழுபது வயதிலும் பழகலாம். பழகிவிட்டால் மோட்டார் போடவும், பணம் எடுக்கவும், நெல் கணக்குப் பார்க்கவும் அடுத்தவரைக் கூப்பிட வேண்டியதில்லை. கடையில் உட்கார்ந்து பலருக்குச் சொல்லிக்கொடுத்ததைப் படிப்படியாக எழுதுகிறேன். படிப்பவர் மகனாகவோ மகளாகவோ இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: போனைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்

ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். அப்பாவையோ அம்மாவையோ கடைக்குக் கூட்டிப்போய் அவர்கள் விரலாலேயே அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டன்கள் மேலெழும்பி, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே பள்ளம் தெரிய வேண்டும். வழவழவென்று ஒரே தகடாக இருக்கும் கீபேடு பார்க்க அழகாக இருந்தாலும் விரலுக்கு உதவாது. அழுத்தும்போது ‘டிக்’ என்று ஒரு சின்ன உணர்வு வர வேண்டும். எண்ணை அழுத்தினால் வாயால் சொல்லும் வசதி சில போன்களில் இருக்கிறது. கண் மங்கியவர்களுக்கு அது பெரிய வரம்.

உங்கள் கிராமத்தில் எந்த சிம்முக்கு டவர் நன்றாக எடுக்கிறது என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 4ஜி மட்டுமே உள்ள சிம்முக்குப் பழைய பட்டன் போன் ஆகாது, 4ஜி பட்டன் போன்தான் வேண்டும். இது தெரியாமல் வாங்கிவிட்டு மறுநாளே திருப்பிக் கொண்டுவருபவர்கள் அதிகம்.

சார்ஜ் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எத்தனையோ ஊர்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓடும் இடத்திலெல்லாம் போன்கள் குவியலாகக் கிடந்தன. டச் போன்காரர்கள் தினமும் வந்து நின்றார்கள். பட்டன் போன்காரர்கள் ஒருமுறை சார்ஜ் ஏற்றிக்கொண்டு நாலைந்து நாள் கழித்துத்தான் திரும்பி வந்தார்கள். வீட்டில் டச் போன் எத்தனை இருந்தாலும், கடலோரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு பட்டன் போனையும் வைத்துக்கொள்வது நல்லது என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறேன்.

இரண்டாம் படி: 5-இன் மேலுள்ள புள்ளி

எண் பலகையின் நடுவில் இருக்கும் 5-ஐத் தடவிப் பாருங்கள். ஒரு சின்ன மேடு தட்டுப்படும். புள்ளியாகவோ சின்னக் கோடாகவோ இருக்கும். ஏடிஎம்மிலும், ரேஷன் கடை பிஓஎஸ் மெஷினிலும், கம்ப்யூட்டரின் எண் பகுதியிலும் பெரும்பாலும் அதே இடத்தில் அதே மேடு இருக்கும். பாடம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டைவிரலால் அந்தப் புள்ளியைத் தேடட்டும். கிடைத்ததும் நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “புள்ளிக்கு மேலே 2, கீழே 8, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6. மூலைகள் நாலும் 1, 3, 7, 9. 8-க்குக் கீழே 0.” நடுவீட்டிலிருந்து நாலு திசைக்கும் வாசல் வைத்த மாதிரி. இந்த விளக்கத்தைப் பிடித்துக்கொள்ளாதவர்களை நான் பார்த்ததில்லை.

இப்போது ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். போனில் மேல் வரிசை 1, 2, 3. கால்குலேட்டரில் மேல் வரிசை 7, 8, 9. இரண்டும் வெவ்வேறு வழியில் வந்தவை. கால்குலேட்டரின் வரிசை இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கூட்டல் இயந்திரங்களிலிருந்து வந்தது. போனின் வரிசையை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் முடிவு செய்தார்கள். பட்டன்களை வட்டமாகவும், இரண்டு வரிசையாகவும், இன்னும் பலவிதமாகவும் அடுக்கி, ஆட்களை அழுத்தச் சொல்லி, எதில் வேகம் அதிகம், எதில் தப்பு குறைவு என்று பார்த்தார்கள். 1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில் அந்தப் பட்டன் போன் பொதுமக்களுக்கு வந்தது. அப்போது பத்துப் பட்டன்தான். ஸ்டாரும் ஹேஷும் 1968-இல் சேர்ந்தன.

ஏடிஎம் பெரும்பாலும் போன் வரிசையையே பின்பற்றுகிறது. நாள் முழுக்க மளிகைக்கடையில் கால்குலேட்டர் தட்டுபவர்கள் ஏடிஎம்மில் கை போன போக்கில் அடித்து, 7 என்று நினைத்து 1-ஐ அழுத்தி, பின் நம்பரைத் தப்பாக்குவது இதனால்தான். அப்பா கணக்கு எழுதும் ஆளாக இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். “முதலில் 5-ஐத் தொடு, பிறகு மேல் வரிசையைப் பார்” என்பது போதும்.

மூன்றாம் படி: தட்டுவது, பிடித்துக்கொண்டே இருப்பது

ஒரே பட்டன் இரண்டு வேலை செய்யும். தட்டினால் ஒன்று, பிடித்துக்கொண்டே இருந்தால் வேறொன்று. பெரியவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். விரலை எடுக்கத் தாமதமாவதால் தட்டியது அழுத்திப் பிடித்ததாகிவிடும். முதல் இரண்டு நாள் தட்டுவதை மட்டும் பழக்குங்கள்.

பிறகு இவற்றைச் சொல்லிக்கொடுங்கள். 0-ஐப் பிடித்தால் பிளஸ் குறி வரும், வெளிநாட்டு எண்ணுக்கு அது வேண்டும். பெரும்பாலான போன்களில் 2 முதல் 9 வரை ஒவ்வொன்றுக்கும் ஒருவர் எண்ணைப் பதிந்து வைக்கலாம். 2-ஐப் பிடித்தால் பெரியவன், 3-ஐப் பிடித்தால் மகள், 4-ஐப் பிடித்தால் பக்கத்து வீடு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஒரு வெள்ளைத்தாளில் எண்ணை எழுதி, பக்கத்தில் அவரவர் போட்டோவை ஒட்டி, சமையல்கட்டுச் சுவரில் மாட்டிவிடுங்கள்.

ஆபத்துக்கு ஒன்று. 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போக வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. எந்தப் பட்டன் என்பது போனுக்குப் போன் மாறும், கூடவே வந்த சின்னப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டனில் வேறு எண்ணைப் பதிய வேண்டாம். 112, 108 இரண்டும் மனப்பாடமாக இருக்கட்டும். மழைக்காலத்தில் ஆறு உடைத்துக்கொண்டாலோ ஊருக்குள் தண்ணீர் புகுந்தாலோ மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

நான்காம் படி: “தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்”

போனுக்குள் ஒரு குரல் பேசுகிறது, எண்ணை அழுத்தச் சொல்கிறது. நம் பெரியவர்களில் பாதிப்பேர் இங்கே பயந்து கட் செய்துவிடுகிறார்கள். எதிரில் ஆள் பேசுகிறார் என்று நினைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அது பதிவு செய்த குரல் என்பதை முதலில் விளங்கவையுங்கள். அவசரமே இல்லை, தவறினால் மறுபடி சொல்லும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு முறை சொன்னால் பயம் போய்விடும் என்பது என் அனுபவம். ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு சத்தம் உண்டு. கிடைவரிசைக்கு ஒரு சத்தம், நெடுவரிசைக்கு ஒரு சத்தம். 5-ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். நாலு கிடைவரிசை, மூன்று நெடுவரிசை, மொத்தம் ஏழு சுருதி. அந்த ஏழிலிருந்து பன்னிரண்டு பட்டனுக்கும் தனித்தனி ஒலி கிடைத்துவிடுகிறது. மறுமுனையில் இருக்கும் கம்ப்யூட்டர் அந்த ஜோடியைக் கேட்டு எந்தப் பட்டன் என்று தெரிந்துகொள்கிறது. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை கேட்டு வளர்ந்த ஒரு பாட்டியிடம் இதைச் சொன்னபோது, “அப்போ அந்த மிஷினுக்குக் காது இருக்குன்னு சொல்லு” என்றார். அன்றைக்கே பழகிவிட்டார்.

செய்யும் முறை: பேசும்போது போன் காதில் இருக்கும், பட்டன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் போனை முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். குரல் முழுவதையும் சொல்லி முடிக்கட்டும். பிறகு ஒரே ஒரு தட்டு. இரண்டு தடவை தட்டினால் இரண்டாவது தட்டை அடுத்த கேள்விக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளும்.

பழகுவதற்கு நல்ல இடம் விவசாயிகளுக்கான கிசான் அழைப்பு மையம். எண் 1800 180 1551. இலவசம், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, தமிழிலேயே பேசலாம். குருத்துப்பூச்சிக்கும் புகையானுக்கும் என்ன செய்வது என்று கேட்டபடியே கீபேடும் பழகிவிடலாம். மின்தடைப் புகாருக்கு மின்னகம் 94987 94987. நான் பெரியவர்களுக்கு இந்த இரண்டையும்தான் முதலில் பதிந்துகொடுக்கிறேன்.

இன்னொரு உபாயம் பலருக்குத் தெரியாது. பல பட்டன் போன்களில் ஸ்டாரைத் திரும்பத் திரும்பத் தட்டினால் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து வரும். எண்ணுக்குப் பின்னால் அதைப் போட்டு, அதன் பிறகு 1 என்று சேர்த்துப் பதிந்தால், கால் எடுக்கப்பட்டதும் போன் சற்று நின்று தானாகவே 1-ஐ அழுத்திவிடும். எப்போதும் ஒரே விடையைச் சொல்லும் இடங்களுக்கு இது ரொம்ப உதவி.

சரி, இதே சத்தத்தின் இன்னொரு வேலைக்கு வருவோம். நம் பக்கத்தில் மோட்டார் கொட்டகைகளில் செல் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். கூப்பிட்டால் எடுக்கும், எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும், வேறு எண்ணுக்கு நிற்கும். பல கருவிகள் மேலே சொன்ன இரட்டைச் சத்தத்தைத்தான் கேட்கின்றன. மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வந்தால் டார்ச்சோடு வரப்பில் நடந்து, பாம்புக்குப் பயந்து போன காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேளாண் பொறியியல் துறை இதற்கு மானியமும் கொடுக்கிறது, வட்டார அலுவலகத்தில் கேளுங்கள்.

வாங்கினால் மூன்று காரியம் செய்யுங்கள். எந்த எண் ஓடுவதற்கு, எது நிற்பதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெயிண்டால் பெட்டியின் மேலும் வீட்டுச் சுவரிலும் எழுதிவிடுங்கள். எந்தெந்த எண்ணிலிருந்து வந்தால் எடுக்க வேண்டும் என்று பதியும் வசதி இருந்தால் கட்டாயம் பதியுங்கள். இல்லாவிட்டால் யார் கூப்பிட்டாலும் மோட்டார் ஓடும். முக்கியமாக, மோட்டாரிலோ ஒயரிலோ கை வைக்கும் முன் மெயினை இறக்கிவிட வேண்டும். வீட்டில் இருப்பவர் தெரியாமல் போனில் போட்டுவிட்டால் உயிர் போய்விடும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஐந்தாம் படி: பணம்

ஏடிஎம்மில் நாலு இலக்கம் ஏன் என்று கேட்பார்கள். உலகின் முதல் பணம் தரும் இயந்திரம் 1967 ஜூன் 27 அன்று லண்டனில் என்ஃபீல்ட் என்ற இடத்தில் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட் பாரன் நம் நாட்டு ஷில்லாங்கில் பிறந்தவர். ஆறு இலக்கம் வைக்கத்தான் நினைத்ததாகவும், தன் மனைவியால் நாலுதான் நினைவு வைத்துக்கொள்ள முடிந்தது என்பதால் நாலாக்கியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டுப் பெண்ணின் ஞாபகத்துக்கு ஏற்றபடி அமைந்த எண் அது. “எனக்கு வராது” என்று சொல்லும் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

ஏடிஎம் கீபேடில் எண்கள் தவிர மூன்று பட்டன் முக்கியம். பச்சை, சரி என்பதற்கு. மஞ்சள், தப்பாக அடித்த எண்ணை அழிப்பதற்கு. சிவப்பு, மொத்தத்தையும் ரத்து செய்ய. ஒரு எண் தவறியதும் சிவப்பை அழுத்திவிட்டு, கார்டை வாங்கிக்கொண்டு, அழுத முகத்தோடு வெளியே வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் ஒன்று இருப்பதே அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இடது கையை வீடு மாதிரிக் குவித்து மூடிக்கொண்டு வலது கையால் அழுத்த வேண்டும். கீபேடு வழக்கத்தைவிட உயரமாகவோ ஆடிக்கொண்டோ இருந்தால் அந்த மெஷின் வேண்டாம். மேலே போலித் தகடு ஒட்டியிருக்கலாம். பின் நம்பரைத் திருப்பி அடித்தால் போலீஸ் வரும், கேன்சலை இரண்டு தடவை அழுத்தினால் திருட முடியாது என்றெல்லாம் வாட்ஸப்பில் வருவது பொய். நம்பி ஏமாற வேண்டாம். பிறந்த வருஷம், வண்டி நம்பர், 1234 இவற்றை வைக்க வேண்டாம். பூட்டுக்கும் பீரோவுக்கும் எண் வைத்திருந்தால் பட்டன்களை அடிக்கடி துடையுங்கள். நாலு பட்டன் மட்டும் தேய்ந்தோ அழுக்காகவோ இருந்தால், அந்த நாலை மாற்றி மாற்றி அடிக்க 24 வழிதான் உண்டு. திருடனுக்கு அது அஞ்சு நிமிஷ வேலை.

இன்டர்நெட் இல்லாத பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்ப இரண்டு வழி இருக்கிறது. ஒன்று *99# அடிப்பது. திரையில் பட்டியல் வரும், எண்ணை அடித்து அனுப்ப வேண்டும், தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். வங்கியில் கொடுத்த எண்ணிலிருந்துதான் நடக்கும், சில சிம்களில் எடுக்காது. இரண்டாவது, ரிசர்வ் வங்கி 2022 மார்ச் 8 அன்று தொடங்கிய யுபிஐ 123பே. இதில் ஒரு எண்ணுக்குக் கூப்பிட்டு, குரல் சொல்கிறபடி அழுத்தி அனுப்பலாம். ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை. முதல் தடவை வங்கிக்கு நேரில் போய் அங்குள்ளவர் முன்னால் செய்து பார்ப்பது நல்லது.

இப்போது கவலையான பகுதி. கீபேடைப் பழகியவர்களையே குறிவைக்கிறார்கள். “உங்கள் நம்பர் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்தவும்” என்று குரல் வரும். நாம் கூப்பிட்ட இடத்தில் அழுத்தச் சொன்னால் அழுத்தலாம். அவர்களாகக் கூப்பிட்டு அழுத்தச் சொன்னால் கட் செய்ய வேண்டும். அம்மாவுக்கு இந்த ஒரு வரி போதும், அதிகம் குழப்பாதீர்கள்.

என் சித்தப்பாவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கூரியர் வந்திருப்பதாக ஒருவன் பேசி, ஸ்டார் 401 ஸ்டார் என்று அடித்து அவன் சொன்ன எண்ணையும் சேர்த்து அழுத்தச் சொன்னான். அது நமக்கு வரும் அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் ‘கால் ஃபார்வர்டு’ குறியீடு. அப்புறம் வங்கியிலிருந்து வந்த அழைப்பெல்லாம் அவனுக்கே போனது. கரும்புக்கு வந்த பணம் போய்விட்டது. இப்படி நடந்ததால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் அந்த வகைக் குறியீடுகளை நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. இருந்தாலும் *#21# அடித்து உங்கள் அழைப்புகள் வேறு எங்காவது போகிறதா என்று பாருங்கள். பணம் போனது தெரிந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடுங்கள். நேரம் கடக்கக் கடக்கத் திரும்பக் கிடைப்பது கஷ்டம். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் அடிக்கத் தேவையே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள்.

ஆறாம் படி: நெல் கணக்கு

கால்குலேட்டரில் எம் பிளஸ், எம் மைனஸ், எம்ஆர்சி என்று மூன்று பட்டன் இருக்கும். விடையை நினைவில் வைத்துக் கூட்ட, கழிக்க, கடைசியில் மொத்தத்தைக் காட்ட. நம் வீடுகளில் யாரும் அதைத் தொடுவதில்லை. ஆனால் நெல் போடும் வீட்டுக்கு அவ்வளவு உதவி வேறெதிலும் இல்லை.

கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம், அதாவது மூட்டை, 40 கிலோ. 2025 செப்டம்பர் 1 முதல் குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். சாதாரணம் 60 சிப்பம், சன்னம் 45 சிப்பம் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் எம்ஆர்சியை இரண்டு தடவை அழுத்திப் பழைய கணக்கை அழியுங்கள். 60 × 40 ÷ 100 × 2500 என்று வரிசையாக அடித்து, கடைசியில் எம் பிளஸ். 60,000 வரும். அடுத்து 45 × 40 ÷ 100 × 2545, மறுபடி எம் பிளஸ். 45,810 வரும். வண்டி வாடகை 3,000 என்றால் 3000 அடித்து எம் மைனஸ். இப்போது எம்ஆர்சி ஒரு தடவை: 1,02,810. தாளில் எதையும் எழுதவில்லை, நடுவில் எந்த எண்ணையும் திரும்ப அடிக்கவில்லை. வாடகை போகக் கையில் நிற்கும் தொகையை அப்பா தானே சரிபார்த்துக்கொள்ளலாம்.

எலக்ட்ரானிக் தராசில் பார்க்க வேண்டியது டேர் பட்டன். காலிப் பாத்திரத்தை வைத்து டேரை அழுத்தினால் எடை பூஜ்யமாகும், பிறகு பொருளைப் போட்டால் பொருளின் எடை மட்டும் காட்டும். பாத்திரத்தை எடுத்ததும் அதே எடை மைனஸில் தெரியும். எதையும் வைப்பதற்கு முன் திரையில் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், கேட்க வேண்டியதைத் தைரியமாகக் கேட்கலாம்.

ஏழாம் படி: தமிழில் அடிப்பது

டச் போனோ கம்ப்யூட்டரோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 பலகையில் உயிரெழுத்து இடப்பக்கம், மெய் வலப்பக்கம். ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும். ‘மன்னார்குடி’ என்பதற்கு ம, ன, ன, ஆ, ர, புள்ளி, க, உ, ட, இ என்று பத்துத் தட்டு. ஞ, ச சேர்ந்தாலும் புள்ளி தானே வரும் என்பதால் ‘தஞ்சாவூர்’ எட்டுத் தட்டில் முடிந்துவிடும். ஆங்கில எழுத்தில் யோசிக்காமல் நேராகத் தமிழிலேயே விரல் ஓடுவது தனிச் சுகம், ஒரு வாரம் முயன்று பாருங்கள்.

எட்டாம் படி: கீபேடு வேலை செய்யாவிட்டால்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இது என் தொழில். டெல்டாவில் கீபேடைக் கெடுப்பவை மூன்று: வியர்வை உப்பு, நெல் தூசி, மழை ஈரம். அறுப்பு முடிந்த மாதம் வரும் போன்களைத் திறந்தால் உள்ளே பொன்னிறத் தூசி படிந்திருக்கும்.

எண் அடிக்கும் திரைக்குப் போய் 1-லிருந்து தொடங்கி ஸ்டார், 0, ஹேஷ் வரை ஒவ்வொன்றாகத் தட்டி, எது வருகிறது, எது வரவில்லை என்று தாளில் குறியுங்கள். ஒரே ஒரு பட்டன் மட்டும் வரவில்லை என்றால் அதன் அடியில் அழுக்கு, அல்லது அங்குள்ள தகட்டுக் குமிழ் தளர்ந்திருக்கிறது. சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். 4, 5, 6 மூன்றும் சேர்ந்தே வரவில்லை, அல்லது 2, 5, 8, 0 நாலும் சேர்ந்தே வரவில்லை என்றால் பட்டனில் கோளாறு இல்லை. பன்னிரண்டு பட்டனுக்குப் பன்னிரண்டு ஒயர் போடுவதில்லை. கிடைவரிசைக்கு நாலு, நெடுவரிசைக்கு மூன்று, ஆக ஏழு பாதைதான். எந்தக் கிடைப்பாதையும் எந்த நெடும்பாதையும் ஒட்டுகின்றன என்று பார்த்துத்தான் போன் பட்டனைக் கண்டுபிடிக்கிறது. ஒரு பாதை அறுந்தால் அந்த வரிசை முழுக்கப் போய்விடும், சால்டரிங் தெரிந்த ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். ஒன்றை அழுத்தினால் இரண்டு எண் விழுகிறது என்றால் உள்ளே ஈரம். இதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் ‘போர்டே போச்சு’ என்று சொல்லி யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

சுத்தம் செய்வதற்கு முதலில் போனை அணைத்து பேட்டரியைக் கழற்றுங்கள். பழைய மென்மையான பிரஷ்ஷால் பட்டன் இடுக்குகளைத் தட்டுங்கள், கீபேடு கீழ்நோக்கி இருக்கட்டும், தூசி உள்ளே போகாது. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி தொட்டுத் துடையுங்கள். தண்ணீர், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம்.

வாய்க்காலில் விழுந்துவிட்டால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். ‘ஆன் ஆகிறதா’ என்று அழுத்திப் பார்ப்பதுதான் போனைக் கொல்கிறது. நிழலில், காற்றாடிக்குக் கீழே இரண்டு நாள் வையுங்கள். நம் வீடுகளில் அரிசிப் பானைக்குள் புதைக்கிறார்கள். அரிசி ஈரத்தை அப்படியொன்றும் இழுத்துவிடாது, தவிடும் மாவும் உள்ளே போய் வேலையைக் கூட்டிவிடும்.

ஒன்பதாம் படி: ஒரு வாரப் பாடம்

இவ்வளவையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். தினம் கால் மணி நேரம் போதும், சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நேரம் சரியாக வரும். முதல் நாள் புள்ளியைத் தேடுவது மட்டும். இரண்டாம் நாள் உங்கள் எண்ணைப் பத்து தடவை அடித்து அழிப்பது. மூன்றாம் நாள் அழுத்திப் பிடிப்பது. நாலாம் நாள் கிசான் மையத்துக்கு ஒரு அழைப்பு, பேச வேண்டியது அம்மாவோ அப்பாவோதான், நீங்கள் இல்லை. ஐந்தாம் நாள் ஏடிஎம், நீங்கள் வாசலில் நில்லுங்கள், உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். ஆறாம் நாள் திருட்டு அழைப்பு மாதிரி நீங்களே குரலை மாற்றிப் பேசி, அவர்கள் கட் செய்கிறார்களா என்று பாருங்கள்.

போனை அவர்கள் கையிலிருந்து பிடுங்கி “குடுங்க, நான் செய்றேன்” என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். தப்பு விழட்டும், மஞ்சள் பட்டன் இருக்கிறது.

ஏழாம் நாள் ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, நீங்கள் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டு, அவர்கள் இருட்டிலேயே எண்ணை அடித்து உங்களைக் கூப்பிடும்வரை காத்திருங்கள். என் அம்மாவுக்கு அன்றைக்கு மூன்றாவது முயற்சியில்தான் வந்தது. இருட்டில் என் போன் அடித்ததும் எடுத்தேன். “புள்ளி கெடச்சிடுச்சுடா” என்றார்கள்.